புனிதம் அக்காவுக்கு ஓர் அறை

பெப்ரவரி 9, சனி

காலையில் நான் புட்டு அவித்துக்கொண்டு நிற்க, சீலன் வந்து சொன்னார்: "அண்ணி மே மாசம் இஞ்ச வந்து இருக்கப்போறா. பேஸ்மென்றை முடிச்சுப்போடுவம்."

என்னைக் கேட்கவில்லை. சொன்னார். இருபத்திரண்டு வருசம் கூட இருக்கிற பெண்சாதியிடம், குப்பை வண்டி வியாழக்கிழமைக்கு மாறிவிட்டது என்று சொல்கிற மாதிரி.

அண்ணி என்றால் இவருடைய தமையன் அருள்நாயகம் அத்தானின் மனைவி, புனிதம் அக்கா. அத்தான் போன நவம்பரில் மாரடைப்பில் போய்விட்டார். மகன்மார் இரண்டு பேரும் கூடிப் பேசி வீட்டை விற்கிறார்கள். தாயை வைத்திருக்க இருவருக்கும் இடமில்லையாம். மூத்தவனின் தொடர்மாடி வீட்டில் இப்போது சோபாவில் படுக்கிறாவாம்.

"படுக்கட்டும்" என்றேன்.

"என்னப்பா இப்பிடிக் கதைக்கிறீர்?"

"வேற எப்பிடிக் கதைக்கிறது?"

அவர் புட்டைச் சாப்பிடாமல் எழும்பிப் போனார். நான் சாப்பிட்டேன். இந்த டயறி வேலையிடத்தில் தந்தது. ஒரு பக்கமும் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் எதையாவது உடைத்திருப்பேன்.

பெப்ரவரி 10, ஞாயிறு

நான் 1997இல் கனடாவுக்கு வந்து நேரே இறங்கியது புனிதம் அக்காவின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே. ஸ்காபரோவில் அவர்களுக்கு நல்ல வீடு. மேலே நாலு அறை. கீழே எங்களுக்கு, வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் ஒரு தடுப்பு. உள்ளங்கை நாலை ஒட்டினாற் போல ஒரு யன்னல், கூரையோடு. டிசெம்பரில் பனி மூடினால் ஏப்ரல் வரை பகலும் மின்விளக்குத்தான். சுவரில் கை வைத்தால் ஈரம். அடுத்த பெப்ரவரியில் ஆரணி பிறந்தாள். மூன்று மாதத்தில் அவளுக்கு இழுப்புத் தொடங்கியது. அந்த வீட்டில் இருந்த மூன்று வருசத்தில் ஐந்து முறை அம்புலன்ஸ்.

பிள்ளை அழுதால் மேலே இருந்து புனிதம் அக்கா விளக்குமாற்றுக் கட்டையால் நிலத்தில் தட்டுவா. டொக் டொக் டொக். எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. பிள்ளையின் வாயைக் கையால் பொத்திய நாட்கள் இருக்கின்றன. மூச்சு இழுக்கிற பிள்ளையின் வாயை.

மேலே நாலாவது அறை சும்மா கிடந்தது. அதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

இந்த வீட்டை 2010இல் வாங்கியபோது பேஸ்மென்ற் பாதிதான் முடிந்திருந்தது. ஒரு பக்கம் முன்னிருந்தவர்கள் சுவர்ப்பலகை அடித்து அறையாக்கியிருந்தார்கள். மற்றப் பக்கம் வெறும் கொங்கிறீற், மரச்சட்டம், பாத்ரூமுக்கென்று நிலத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிற குழாய்கள். முடிப்போம் முடிப்போம் என்று சீலன் சொல்வார். நான் விடவில்லை. என்னுடைய காலுக்குக் கீழே ஒருவரும் குடியிருக்கக் கூடாது.

பெப்ரவரி 16, சனி

காந்தனைக் கூட்டிவந்து காட்டினார். வன்னிப் பக்கத்துப் பெடியன், பெடியன் என்றாலும் நாற்பது இருக்கும். பத்து வருசமாக பேஸ்மென்ற் வேலைதான் செய்கிறான். சுற்றிப் பார்த்துவிட்டு, "மூண்டு கிழமை, அண்ணை. இருக்கிற அறையை அப்பிடியே விட்டுட்டு மற்றப் பக்கத்தை மூடுவம்" என்றான்.

சீலன் திங்கள் தொடக்கம் வெள்ளி வரை மொன்றியலுக்கு லொறி ஓடுகிறவர். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை. ஆகவே பின்னேரங்களில் காந்தனோடு நிற்கப் போவது நான். விருப்பமில்லாத விருந்தாளிக்கு நானே மேஸ்திரி.

சாப்பிடும்போது கேட்டேன்: "உங்கட அண்ணா வீட்டு மேலறை மூண்டு வருசம் சும்மா கிடந்ததே. ஒரு கைக்குழந்தை கீழ இழுக்குது எண்டு தெரிஞ்சும் அவ ஒருநாள் கூட மேல வாங்கோ எண்டு சொல்லேல்லை. அவவுக்கு நான் ஏன் அறை கட்ட வேணும்?"

சீலன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பனி வழிக்கிறேன் என்று வெளியே போனார். வழிப்பதற்கு அங்கே பனி இருக்கவில்லை. வெறும் தாரில் மண்வெட்டியைப் போட்டு உரசுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

மார்ச் 2, சனி

பழைய அறையின் சுவரை உடைத்தோம்.

உடைக்கத் தேவையில்லை என்றுதான் காந்தன் சொன்னான். நான் மூலையில் குந்தி மணந்து பார்த்தேன். அந்த மணம் எனக்குத் தெரியும். நனைந்த பழைய பேப்பர் மாதிரி. "பலகைக்குப் பின்னால பூஞ்சணம் இருக்கு" என்றேன்.

"இல்லை அக்கா, பழைய வீட்டு மணம் இது."

சுத்தியலை வாங்கி நானே அடித்தேன். மூன்றாவது அடியில் பலகை உட்கார்ந்தது. பிய்த்துப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. காந்தன் எனக்கு ஒரு முகமூடி எடுத்துத் தந்தான். நாலு சுவரையும் இறக்கினோம். பாதிக்கு மேல் நான்தான். கையில் கொப்புளம் வந்து உடைந்தும் நிறுத்தவில்லை.

கடைசியில் அவன் கேட்டான், "அக்கா, உங்களுக்கு ஆரில கோவம்?"

"சுவரில" என்றேன்.

மார்ச் 3, ஞாயிறு

கை தூக்க முடியவில்லை. இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

மார்ச் 14, வியாழன்

கொங்கிறீற் சுவரில் இரண்டு இடத்தில் வெடிப்பு. ஊசி போட்ட மாதிரி அதற்குள் ஏதோ ஏற்றி அடைத்தார்கள். நிலத்துக்கு ஈரலிப்பு ஏறாமல் விரிப்புப் போட்டு, அதற்கு மேல் பலகை. காந்தன் மெல்லிய விரிப்புக் கொண்டுவந்தான். திருப்பி அனுப்பினேன். "அண்ணை இது காணும் எண்டவர்" என்றான்.

"அண்ணை மொன்றியலில நிக்கிறார். நான் இஞ்ச நிக்கிறன்."

இது வீட்டுக்காகச் செய்கிறேன். நாளைக்கு விற்கப் போனால் ஈரமான பேஸ்மென்றை ஆர் வாங்குவான்?

மார்ச் 23, சனி

இன்று பெரிய சண்டை. யன்னல்.

இருக்கிற யன்னல் தலையணை அளவு. சுவரை வெட்டி, ஒரு ஆள் ஏறி வெளியே போகக்கூடிய பெரிய யன்னல் வைக்க வேண்டும் என்றேன். வெளியே மண்ணைத் தோண்டி, குழிக்குத் தகரம் அடித்து, தண்ணீர் ஓடக் கல் போட வேண்டும். பெரிய வேலை. நகரசபையில் பெர்மிற்றும் எடுக்க வேண்டும்.

"ஆரப்பா வந்து பாக்கப்போறான்?" என்றார் சீலன். "எங்கட சொந்தம்தானே வந்து இருக்கப்போகுது."

"சட்டம் அப்பிடி. படுக்கிற அறைக்கு நெருப்புப் பிடிச்சால் வெளிய போக வழி இருக்கவேணும்."

"நீர்தான் அவ வரக்கூடாது எண்டனீர். இப்ப அவவுக்கு அரண்மனை கட்டுறீர்."

"நான் அவவுக்குக் கட்டேல்லை. சட்டத்துக்குக் கட்டுறன். ஒருத்தரும் என்னைப் பாத்து, யன்னல் இல்லாத பொந்தில கொண்டுபோய் வச்சனீ எண்டு சொல்லக்கூடாது. நான் சொல்லுற மாதிரி இன்னொருத்தி என்னைச் சொல்லக்கூடாது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரி, வெட்டும்" என்றார். முகம் ஒரு மாதிரிப் போனது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 20, சனி

மண் இளகிவிட்டது. காலை எட்டு மணிக்குச் சுவரை அறுத்தார்கள். வீடு முழுக்கப் பல் கூசுகிற சத்தம், சாம்பல் நிறத் தூசி. பதினொரு மணிக்குக் கொங்கிறீற் துண்டு வெளிப்பக்கம் விழுந்தது. நான் உள்ளே நின்றேன். வெளிச்சம் நேரே என் வயிற்றில் பட்டது.

கொஞ்ச நேரம் நான் மேலே போய் குசினியில் நின்றுவிட்டு வந்தேன். தூசி கண்ணில் போய்விட்டது.

ஏப்ரல் 28, ஞாயிறு

பாத்ரூம் ஓடு வாங்கப் போனோம். சீலன் வெள்ளை எடுத்தார். நான் வழுக்காத சொரசொரப்பு ஓடாகப் பார்த்து எடுத்தேன். கைபிடிக் கம்பி இரண்டு. அவவுக்கு முழங்கால் ஏலாதாம். விழுந்து இடுப்பை உடைத்தால் பார்க்கப் போவது நான்தானே. எங்கள் இல்லத்தில் தினமும் பார்க்கிறேன்.

அறைக்குப் பூச்சு என்ன நிறம் என்று காந்தன் கேட்டான். "ஏதாவது அடியும்" என்றேன். பிறகு போன் எடுத்து, இளம் பச்சை என்றேன்.

மே 7, செவ்வாய்

நகரசபை இன்ஸ்பெக்டர் வந்தார். பெண்பிள்ளை. யன்னலைத் திறந்து மூடிப் பார்த்தா, புகை மணியை அமத்திப் பார்த்தா, கையெழுத்துப் போட்டா. மற்றவர்கள் இப்படிச் செய்வதில்லை என்று சொல்லிவிட்டுப் போனா. காந்தன் தன்னைப் புகழ்ந்த மாதிரிச் சிரித்தான்.

ஆட்கள் போன பிறகு அந்த அறையில் தனியே நின்றேன். கட்டிலும் இல்லை, ஒன்றும் இல்லை. நல்லாயிருந்தது. அது எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஈரம் குடித்துக்கொண்டு மூன்று வருசம் நான் இருக்க, எனக்கு அப்படிச் செய்தவ இதற்குள் வந்து கால் நீட்டப் போகிறா.

மே 11, சனி

வந்துவிட்டா. மூன்று பெட்டி, ஒரு தையல் மெசின், அத்தானின் படம். மூத்தவன் வாசலில் இறக்கிவிட்டு, பார்க்கிங் இல்லை என்று போய்விட்டான்.

மெலிந்துபோய் இருக்கிறா. படி இறங்கப் பத்து நிமிசம். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, சுவரைப் பிடித்து. கீழே போய் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றா. "இவ்வளவு பெரிசா?" என்றா.

"சட்டம்" என்றேன்.

சோறும் மீன்குழம்பும் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். "நான் மேல வந்து சாப்பிடுவன்தானே" என்றா. "உங்களுக்குப் படி கஷ்டம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 14, செவ்வாய்

காலை நாலரைக்கு வேலைக்கு எழும்பும்போது அவ கீழே இருமுவது கேட்டது. என் கால் அப்படியே நின்றது. குதியூன்றாமல் நடந்து போனேன். பிறகு, எனக்கு என்ன விசரா என்று நினைத்து, வேண்டுமென்றே கதவை அடித்துச் சாத்தினேன்.

நாள் முழுக்க அந்தச் சத்தம் காதில் நின்றது.

மே 17, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

இரண்டரைக்கு வேலையால் வந்தேன். புனிதம் அக்கா குசினியில் கதிரையில் இருந்து முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. என்னைக் கேட்காமல் மேலே வந்ததற்குச் சொல்ல வாயெடுத்தேன். படி ஏறி வந்ததில் அவவின் முழங்கால் இரண்டும் நடுங்குவதைப் பார்த்து, தேத்தண்ணிக்குக் கேத்தில் வைத்தேன்.

அவ வெட்டிக்கொண்டே சொன்னா, "தயாபரி, ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு நீர் மேல வரமாட்டன் எண்டு சொன்னது எனக்கு இவ்வளவு காலமும் மனசில கிடந்தது. உம்மட முகத்தைப் பாத்தாலே அதுதான் ஞாபகம் வரும். இப்ப நான் உம்மட வீட்டில வந்து இருக்கிறன். இனி அதை விட்டிடுவம்."

"நான் எங்க வரமாட்டன் எண்டனான்?"

"மேலறைக்கு."

"எந்த மேலறைக்கு?"

அவ கத்தியை வைத்தா. "ஆரணி பிறந்து ஆசுப்பத்திரியால வந்த கிழமை நானும் அத்தானும் பின்னறையை ஒழுங்கு செய்தனாங்கள். சின்னவன்ர தொட்டிலையும் பூட்டி வச்சம். அத்தான் போய்ச் சீலனிட்டச் சொன்னவர், குழந்தையோட மேல வாங்கோ எண்டு. அடுத்த நாள் சீலன் வந்து, தயாபரிக்கு விருப்பமில்லையாம் எண்டான். உங்கட கண்ணுக்கு முன்னால இருக்க ஏலாதாம், கீழ எண்டால்தான் தனக்கு நிம்மதியாம் எண்டு நீர் சொன்னதாச் சொன்னான். பிறகு பிள்ளைக்கு இழுப்பு வரவும் அத்தான் திரும்பக் கேட்டவர். அப்பவும் அதே பதில்தான்."

கேத்தில் கொதித்துத் தானாக நின்றது.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, அக்கா."

அவ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தா. வாய் மெல்லத் திறந்தது.

"அப்ப விளக்குமாத்தால தட்டினது?" என்றேன்.

"அது நான்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. அந்தப் பிள்ளை கீழ கிடந்து அழுகுது, மேல எல்லாம் போட்ட அறை சும்மா கிடக்குது. எனக்கு விசர் பிடிக்கும். என்ன தாய் இவள், தன்ர கெப்பருக்கும் வீம்புக்கும் பிள்ளையை ஈரத்துக்குள்ள வச்சிருக்கிறாள் எண்டு தட்டினனான். உம்மை எனக்குக் கண்ணில காட்ட ஏலாது."

"எனக்கும் உங்களை."

"பதின்மூண்டு படி" என்றா. "நான் ஒருக்கா இறங்கி வந்து உம்மட வாயால கேட்டிருக்கலாம்."

நானும் ஒருக்கா ஏறிப்போய்க் கேட்டிருக்கலாம். அதை அவவிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

ஐந்து மணிக்குச் சீலன் வந்தார். சப்பாத்துக் கழற்றும்போதே எங்கள் இருவரையும் ஒரே மேசையில் கண்டார். சப்பாத்து ஒற்றைக் காலோடு அப்படியே நின்றார். நான் ஒன்றும் கேட்கத் தேவைப்படவில்லை.

"ஏன்?" என்றேன்.

மற்றச் சப்பாத்தையும் கழற்றி வாசலில் வைத்தார். "மேல போனால் அண்ணா என்னை ஒரு சின்னப்பிள்ளை மாதிரி நடத்துவார். சாப்பிடு, படு, இந்த வேலைக்குப் போ, அந்த வேலையை விடு எண்டு. கீழ எண்டாலும் அது என்ர இடம் மாதிரி இருந்தது. அங்க நான் ஒரு குடும்பக்காரன்."

"நான் சொன்னதா ஏன் சொன்னீங்கள்?"

"நான் வேண்டாம் எண்டால் அண்ணா விடமாட்டார். பெம்பிளைக்கு விருப்பமில்லை எண்டால் விட்டிடுவார்."

"அஞ்சு தரம் அம்புலன்ஸ் வந்தது."

"எனக்கு அப்ப இருபத்தொன்பது வயசு, தயா. யோசிக்கேல்லை."

"எனக்கு இருபத்திமூண்டு" என்றேன்.

புனிதம் அக்கா எழும்பி, கதிரையைப் பிடித்துப் பிடித்து வெளியே போனா. படியிறங்கத் தொடங்கியவவை நான் மறித்தேன். "கீழ போகாதேங்கோ. ஆரணியின்ர அறை இஞ்ச மேல சும்மா கிடக்குது."

மே 18, சனி

ஆரணிக்குப் போன் எடுத்தேன். வாட்டர்லூவில் படிக்கிறாள், மாதத்தில் ஒருமுறைதான் வருவாள். பெரியம்மா உன் அறையில் இருக்கட்டுமா என்றேன். "அதுக்கென்ன, இருக்கட்டும்" என்றாள். ஏன் என்று கேட்டாள். வரும்போது அப்பா சொல்லுவார் என்றேன்.

அக்காவின் பெட்டிகளை மேலே ஏற்றினேன். என் உடுப்பைக் கீழே இறக்கினேன். சீலன் உதவிக்கு வந்தார். "தொடாதேங்கோ" என்றேன்.

மே 20, திங்கள்

மூன்று நாளாகக் கீழே படுக்கிறேன். காலையில் வெயில் கட்டில் வரை வருகிறது. அருமையான அறை. சும்மா சொல்லக் கூடாது, நான் நல்லாகத்தான் செய்வித்திருக்கிறேன். இதை ரசிக்க முடியாமல் இருக்கிறது. ஒவ்வொரு தடவை மூச்சு எடுக்கும்போதும், இந்த மூச்சு ஆரணிக்கு அப்போது கிடைத்திருக்கலாம் என்றுதான் வருகிறது. பதின்மூன்று படிக்கு மேலே தொட்டிலோடு இருந்தது.

அவவை இருபத்தொரு வருசம் வெறுத்தேன். சுகவீனமாகக் கிடந்தபோது பார்க்கப் போகவில்லை. அத்தானின் செத்த வீட்டில் அவவின் கையைப் பிடிக்காமல் நின்றேன். அதை எனக்கு ஆர் திருப்பித் தருவது?

திங்களும் லீவு என்பதால் சீலன் வீட்டில். தேத்தண்ணி கொண்டுவந்து படியில் இருந்தார். "எவ்வளவு நாளைக்குக் கீழ இருக்கப்போறீர்?"

"தெரியாது."

"நான் என்ன செய்யவேணும்?"

"ஆரணிக்குச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன். இந்தத் தரம் என்ர பேரில ஒண்டும் சொல்லேலாது. உங்கட வாயால, நாங்கள் ரெண்டு பேரும் இருக்கேக்க சொல்லவேணும்."

"அவள் என்னை என்ன நினைப்பாள்?"

தேத்தண்ணியைத் திருப்பிக் கொடுத்தேன்.

மே 25, சனி

புனிதம் அக்கா எனக்கு ஒரு சட்டை தைத்து வைத்திருந்தா. கை கொஞ்சம் இறுக்கம். கழற்றித் திருத்தித் தந்தா. இருவரும் அதிகம் பேசவில்லை. பேசப் பழகவில்லை.

சீலன் இந்தக் கிழமை கூடுதலாக ஒரு ஓட்டம் எடுத்திருக்கிறார். ஓடட்டும். மொன்றியல் தாண்டியும் ஓடட்டும். ஆரணி வருகிற ஒன்றாம் தேதி இங்கேதான் வரவேண்டும்.

யூன் 1, சனி

ஆரணி பத்து மணி பஸ்ஸில் வந்தாள். சாப்பிட்ட பிறகு நாலு பேரும் மேசையில் இருந்தோம். சீலன் சொன்னார். ஆரம்பத்தில் சுற்றி வளைத்தார். அகதியாக வந்த காலம், குளிர், அண்ணாவின் குணம். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நேரே சொன்னார்: "மேல அறை தந்தவை. நான்தான் வேண்டாம் எண்டனான். அம்மா சொன்னதெண்டு பொய் சொன்னனான். உனக்கு இழுப்பு வந்த பிறகும் சொன்னனான்."

ஆரணி அழவில்லை. கத்தவும் இல்லை. மேசையில் கிடந்த, இழுப்புக்கு வாயில் அடிக்கிற தன்னுடைய பம்பை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "அந்த அறை எப்பிடி இருந்தது அப்பா?" என்று கேட்டாள்.

"தெரியாது. நான் ஏறிப் பாக்கேல்லை."

"ஒருநாளும்?"

"ஒருநாளும் இல்லை."

புனிதம் அக்காதான் சொன்னா. "மஞ்சள் பெயின்ற், பிள்ளை. பின் வளவு தெரியும். பின்னேரம் முழுக்க வெயில் விழும்."

ஆரணி எழும்பித் தன் கோப்பையைக் கழுவினாள். பெரியம்மாவின் கோப்பையைக் கழுவினாள். என்னுடையதையும் கழுவினாள். தகப்பனின் கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே நடக்கப் போனாள். அவர் அந்தக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். கன்னம் ஒட்டிக் கிழவனாகத் தெரிந்தார். ஒரு கணம் எனக்குப் பாவமாக இருந்தது. அதற்கும் எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது.